செட்டிநாட்டு வீட்டில் ஒருவரைக் கறுப்பு-வெள்ளையில் படம் எடுப்பது எப்படி?

செட்டிநாட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த வீட்டில் வாழ்கிற, அல்லது அந்த ஊரில் ஒரு தொழிலைச் செய்கிற மனிதரை அவருடைய இடத்தோடு சேர்த்து ஒரே சட்டகத்தில் கறுப்பு-வெள்ளையாக எடுக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே கேமராவைக் கையாள்வது பெரிய சிக்கல் இல்லை. வீடு அவ்வளவு பெரியதாகவும் அலங்காரமாகவும் இருப்பதால், சற்றுக் கவனம் தவறினாலும் அது ஆளை விழுங்கிவிடுகிறது. கையில் மிஞ்சுவது ஓரத்தில் ஒருவர் நிற்கும் கட்டடப் படம்தான். அனுமதியை யாரிடம் கேட்பது, எந்த மாதத்தில் வருவது, முற்றத்து வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்பவற்றையெல்லாம் நான் பலரிடம் கேட்டுக் கேட்டு, அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. முதலில் ஆளை முடிவு செய்யுங்கள்

நல்ல வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு, அதற்குள் உட்கார வைக்க யாரையாவது தேடுவது தலைகீழான வேலை. இடத்துக்கும் ஆளுக்கும் உள்ள உறவு உண்மையானதாக இருந்தால்தான் அது சூழல் உருவப்படம். இல்லாவிட்டால் அது வாடகைக்கு எடுத்த அரங்கில் நடக்கும் படப்பிடிப்பு. ஆகவே, இந்த மனிதர் அன்றாடம் எங்கே அதிக நேரம் இருக்கிறார், அங்கே அவர் கை எதைத் தொடுகிறது என்ற இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள். வளவின் (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) ஒரு மூலையில் பனையோலைக் கொட்டான் (சிறு கூடை) பின்னும் ஆச்சி, ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றும் தொழிலாளி, காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்பவர், மூடிக்கிடக்கும் வீட்டை விளக்கேற்றிப் பார்த்துக்கொள்ளும் முதியவர், கல்யாணச் சமையலுக்கு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் சமையல்காரர் என்று ஆட்களுக்கு இங்கே குறைவில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம், ஆத்தங்குடி ஆகிய ஊர்கள் காரைக்குடியிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய தொலைவில் இருப்பதால், காரைக்குடியிலேயே தங்கிக்கொண்டு முதல் நாள் முழுவதும் கேமராவை வெளியே எடுக்காமல் பேசிவிட்டு வருவது இயலும். அந்த முதல் நாளைச் சுருக்கிவிட நினைக்காதீர்கள்.

2. அனுமதி கேட்கும் வரிசை

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒருவருடைய சொத்தாக இருப்பது அரிது. பங்காளிகள் பலர், சிலர் சென்னையிலும் சிலர் கடல் கடந்தும் இருப்பார்கள், திறவுகோல் மட்டும் உள்ளூரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இருக்கும். அவர் நல்ல மனதோடு, “அதுக்கென்ன, வாங்க, எடுத்துக்குங்க” என்று கதவைத் திறந்துவிடுவார். அவரைப் படம் எடுக்க அவருடைய சம்மதம் போதும். ஆனால் வீட்டின் உட்புறத்தைக் காட்டி வெளியிட அது போதாது. படம் வெளிவந்த பிறகு பங்காளிகளில் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும், வேலையை இழக்கக்கூடியவரும் அவர்தான், நீங்கள் அல்ல. ஆகவே, வீட்டு விவகாரங்களைக் கவனிக்கும் பங்காளி யார் என்று அவரிடமே கேட்டு, அந்தப் பங்காளியோடு தொலைபேசியில் பேசி, நோக்கத்தைச் சொல்லி, ஒரு வரியாவது எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே உள்ளே போங்கள். வாட்ஸ்அப் செய்தியாக வந்தாலும் சரிதான், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டுக்குள் போனபிறகும் தனியாகக் கேட்க வேண்டியவை உண்டு. சாமி அறையும் பூட்டிய அறைகளும் கேட்காமல் எடுக்கத் தக்கவை அல்ல. சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் முன்னோர் படங்கள் பின்னணிக்கு மிக அழகாக அமையும். ஆனால் அவை அந்த வீட்டார் வணங்கும் படங்கள் என்பதால் சட்டகத்தில் சேர்க்கலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முன்னோருக்குப் படைப்பு நடக்கும் நாளாக இருந்தால் அன்றைக்குக் கேமராவைப் பற்றிய பேச்சையே எடுக்காமல் வேறொரு நாள் வருவது நல்லது. பேசும்போது முறை வைத்துக் கூப்பிடுவது இங்கே பாதி அனுமதி. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு மூதாட்டியை ‘ஆச்சி’ என்றும், பட்டறையில் மூத்தவரை ‘அண்ணே’ என்றும், வயதானவரை ‘ஐயா’ என்றும் கூப்பிடுங்கள். ‘மேடம்’, ‘சார்’ என்றால் உங்களை விற்பனைப் பிரதிநிதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

கோயிலுக்குள் குருக்களையோ ஓதுவாரையோ எடுக்கலாம் என்று திட்டமிட்டு வராதீர்கள். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கருவறைப் பக்கம் கேமராவுக்கு அதற்கு முன்பும் இடமில்லை. அவர்களுடைய வீட்டுத் திண்ணையிலோ ஊருணிப் படிக்கட்டிலோ எடுப்பதே நடைமுறைக்கு ஒத்தது. திருமயம் கோட்டையைப் பின்னணியாக நினைப்பவர்கள் அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதையும், அத்தகைய இடங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி தேவைப்படுவதையும் மனதில் கொள்ளுங்கள்.

3. ஒப்புதல் தாள்

தமிழில், ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், எடுத்த தேதி, எடுத்த இடம், நீங்கள் கொடுக்கும் தொகை ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். பயன்பாட்டை மொத்தமாக ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல், கண்காட்சி, இதழ், இணையம், விளம்பரம் என்று தனித்தனிக் கட்டமாகப் பிரித்து, அவர் சம்மதிப்பதை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். விளம்பரக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். அது அவர்கள் உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் முழுவதையும் வாசித்துக்காட்டி, அவருடைய வீட்டார் ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைரேகை பெறுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். இரண்டு பிரதிகளில் ஒன்று அவரிடமே இருக்க வேண்டும். வீட்டுக்கான ஒப்புதல் வேறு தாள், இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

முத்திரைத் தாளை நீட்டாதீர்கள். பங்கு பிரிக்கப்படாத வீடுகள் நிறைந்த ஊரில் முத்திரைத் தாளைப் பார்த்தவுடன் சொத்து விவகாரமோ என்ற பயம்தான் முதலில் வரும். கண்காட்சிக்கும் இதழுக்கும் வெள்ளைத் தாளே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. நிறுவன விளம்பரத்துக்கான படம் என்றால் வழக்கறிஞர் ஒருவரிடம் தாளைக் காட்டிவிட்டு வாருங்கள்.

பதிப்புரிமையில் ஒரு நுணுக்கம் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாகப் படத்தின் முதல் உரிமை எடுத்தவருக்கே. ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்குப் போய்விடும். “ஆச்சிக்குச் சதாபிஷேகம் வருகிறது, ஒரு நல்ல படம் எடுத்துத் தாருங்கள், பணம் தருகிறோம்” என்று வீட்டார் கேட்டு நீங்களும் வாங்கிக்கொண்டால், அதே படத்தைக் கண்காட்சியில் வைக்க அவர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

4. செலவுக் கணக்கு

பயணமும் தங்குமிடமும் உங்கள் வசதியைப் பொறுத்தவை. பழைய வீடுகளை மாற்றியமைத்த தங்குமிடங்கள் விலை கூடியவை. காரைக்குடி நகருக்குள் சாதாரண விடுதியில் தங்கி, நாள் வாடகைக்கு ஒரு வண்டி பேசிக்கொள்வது மலிவு. ஆட்டோவில் போவதானால் காத்திருப்புக்கும் சேர்த்துத் தொகையை ஏறும்போதே பேசிவிடுங்கள். ஊருக்குள் உட்கார்ந்தபின் பேரம் பேசுவது இருவருக்கும் சங்கடம். பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் சில வீடுகளில் சிறிய நுழைவுக் கட்டணம் உண்டு. அந்தச் சீட்டு சுற்றிப் பார்ப்பதற்குத்தான். ஆளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் படம் எடுப்பதற்கு அல்ல.

படத்தில் இருப்பவருக்கு என்ன கொடுப்பது என்பதில் என் கணக்கு இதுதான்: தொழில் செய்பவரை அவர் வேலை நேரத்தில் நிறுத்திவைத்தால், அரை நாளே ஆனாலும் ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். வீட்டு ஆச்சியிடம் பணத்தை நீட்டினால் அது அவமதிப்பாகிவிடும். பழமும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு போய், பிறகு சட்டமிட்ட படம் ஒன்றைக் கொடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் திறந்து, பெருக்கி, மூடுவதற்கு எடுக்கும் சிரமத்தையும் கணக்கில் சேருங்கள். பட்டியலில் பெரும்பாலோர் மறந்துவிடுவது அச்சுச் செலவை. எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு படம், வீட்டாருக்கு ஒரு படம் என்று தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.

5. மாதமும் மணியும்

ஐப்பசி, கார்த்திகையில் மழை. மேகம் கவிந்திருந்தால் முற்றத்து வெளிச்சம் மென்மையாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் நாள் கணக்கில் காத்திருக்க நேரிடலாம். தையும் மாசியும் மிக நல்லவை. பொங்கலை ஒட்டி வெளியூரிலிருப்பவர்கள் வந்து போவதால் அனுமதியை நேரில் வாங்கவும் வாய்ப்புண்டு. கல்யாண மாதங்களில் பூட்டிய வீடுகள் திறக்கும் என்றாலும், அப்போது உங்களுக்காக நிதானமாக உட்கார யாருக்கும் நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லாததால் சமையல்காரரையும் பந்தல்காரரையும் அவரவர் இடத்தில் ஓய்வாகப் பிடிக்கலாம்.

சூரியனின் போக்கைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடியும். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், சித்திரை பிறந்ததும் ஏப்ரல் நடுவிலும், மறுபடி ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய நேர் உச்சியிலிருந்து முற்றத்துக்குள் இறங்கும். அப்போது முற்றத்தில் நிற்பவரின் கண்குழி கறுத்து, மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும். மார்கழியில் அதே நடுப்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து, 56 அல்லது 57 பாகை உயரத்தில்தான் நிற்கும். வெயில் முற்றத்தின் வடபுறத்தில் விழும். தென்புறப் பத்தி (முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம்) நிழலிலேயே இருக்கும். அந்தத் தென்புறப் பத்தியில் வடக்கு நோக்கி ஆளை உட்கார வையுங்கள். எதிரே வெயில் படும் தரையும் சுண்ணாம்புச் சுவரும் ஒளியைத் திருப்பி அனுப்ப, எந்த விளக்கும் இல்லாமல் முகம் நிறைய வெளிச்சம் கிடைக்கும். பொதுவாகக் காலை எட்டரையிலிருந்து பத்துக்குள்ளும், மாலை மூன்றரையிலிருந்து ஐந்துக்குள்ளும் எடுப்பது எல்லா மாதத்துக்கும் பொருந்தும். இங்குள்ள வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டிருப்பதால், வாசல் கிழக்குப் பார்த்ததா மேற்குப் பார்த்ததா என்று முதல் நாளே குறித்துக்கொண்டால் திண்ணைக்குக் காலையா மாலையா என்பது தெரிந்துவிடும்.

காபியும் பலகாரமும் வரும், மறுக்கக் கூடாது. அதற்கும் சேர்த்தே நேரம் ஒதுக்குங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் பிற்பகலில் புறப்படும் பல்லவன் விரைவுவண்டியில் இரவு காரைக்குடிக்கு வந்துவிட்டால் மறுநாள் காலை வெளிச்சம் வீணாகாது.

6. கருவி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் 35 மி.மீ. லென்ஸ், அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏ.பி.எஸ்.-சி என்றால் 23 அல்லது 24 மி.மீ. லென்ஸ், இது ஒன்று போதும். இதைவிட அகலமான லென்ஸைத் தவிருங்கள். தூண்கள் சாய்வதோடு, ஓரத்தில் இருக்கும் முகமும் இழுத்துவிட்டதுபோல் நீளும். ட்ரைபாட் தேவை. அதன் கால்களுக்கு ரப்பர் முனை இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது துணி சுற்றுங்கள்; ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கதவு திறக்காது. பழைய மின்கம்பிகளை நம்பிப் பெரிய விளக்குகளைச் செருகாதீர்கள். ஒரு வெள்ளைத் துண்டு நல்ல ரிஃப்ளெக்டர்.

பிலிமில் எடுக்க விரும்புகிறவர்கள் 400 ஐ.எஸ்.ஓ. வேகமுள்ள சுருளையே வாங்குங்கள். பத்திக்குள் அதற்குக் குறைந்தது சரிவராது. கழுவ நல்ல கறுப்பு-வெள்ளை லேப் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் வசதியானது, ஏனெனில் அதைக் கலர் பிலிம் கழுவும் ரசாயனத்திலேயே கழுவலாம்.

7. நிறத்தை மறந்து பார்ப்பது

கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும் பல வேறுபாடுகள் கறுப்பு-வெள்ளையில் காணாமல் போகும். ஆத்தங்குடித் தரையின் சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடக்கூடும். வழக்கமான கணக்கீடு ஒன்றில் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 விழுக்காடு எடை கொடுத்தே சாம்பலை வரவழைக்கிறார்கள்; அதனால் பளிச்சென்ற சிவப்பும் அடர்பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிடும். கண்டாங்கியில் கடுகு மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் இருந்தால் கவலையில்லை: மஞ்சள் வெளிறும், அரக்கு கறுக்கும், கரை தனியாகத் தெரியும். ஆனால் பெரிய கட்டம் போட்ட சேலை, பூப்போட்ட தரையின் மேல் இருந்தால் இரண்டும் சண்டையிட்டு முகத்தை மறக்கடிக்கும். அப்போது சேலையை மாற்றச் சொல்லாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

கேமராவில் மானோக்ரோம் முன்காட்சியை வைத்துக்கொண்டு, படக் கோப்பை மட்டும் ரா (RAW) வடிவில் சேமியுங்கள். திரையில் கறுப்பு-வெள்ளை தெரியும், கோப்பில் நிறத் தகவல் முழுவதும் இருக்கும். ஜேபெக் மட்டும் எடுத்தால் நிறத் தகவல் அப்போதே போய்விடும். பிறகு சிவப்பையும் பச்சையையும் பிரிக்க வழியில்லை.

8. சட்டகத்தை அமைப்பது

ஆள் வருவதற்கு முன்பே சட்டகத்தை அமைத்துவிடுங்கள். வயதானவர்களை உட்கார வைத்துவிட்டு நீங்கள் ட்ரைபாடைத் திருகிக்கொண்டிருந்தால், படம் எடுக்கும் நேரத்தில் அவர்கள் முகத்தில் களைப்புதான் இருக்கும்.

எல்லோரையும் இழுக்கும் பொறி ஒன்று இருக்கிறது. முன்வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி கடந்து பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். அந்த நேர்கோட்டின் நடுவில் ஆளை நிறுத்தாதவர் இல்லை. விளைவு என்னவென்றால், தலைக்குப் பின்னால் பின்வாசல் ஒரு வெள்ளை ஓட்டையாக எரிந்து நிற்கும், எல்லாக் கோடுகளும் அந்த ஓட்டைக்கே கண்ணை இழுத்துப் போகும், மனிதர் வழியில் நிற்கும் தடையாகிவிடுவார். அந்த ஆழம் வேண்டும் என்றால் கேமராவை ஓரடி பக்கவாட்டில் நகர்த்தி, பின்வாசலை ஒரு தூணுக்குப் பின்னால் மறையுங்கள். அல்லது ஒரு கதவைப் பாதி சாத்தச் சொல்லுங்கள். ஆழம் அப்படியே இருக்கும், வெளிச்சப் போட்டி நீங்கிவிடும்.

கேமராவை மட்டமாக வையுங்கள். மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். செட்டிநாட்டு வீட்டில் நேர்க்கோடுகள் அவ்வளவு அதிகம் என்பதால் ஒரு பாகைச் சாய்வுகூடக் கண்ணை உறுத்தும். கூரையின் வேலைப்பாட்டையும் சேர்க்க ஆசை வரும். அதை விட்டுவிடுங்கள். உட்கார்ந்திருப்பவருக்கு அவருடைய மார்பு உயரமும், தரையில் அமர்ந்து வேலை செய்பவருக்கு நீங்களும் தரையில் அமரும் உயரமுமே சரி. நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்த தொழிலாளியின் படத்தில் மேற்பார்வையாளர் பார்வை வந்து ஒட்டிக்கொள்கிறது.

அடுத்தது தலையின் பின்னணி. வேறெதுவும் சரியாக அமையாவிட்டாலும் தலையைச் சுற்றி ஒரு சாண் இடமாவது வெறுமையாக இருக்க வேண்டும். தூண் தலையிலிருந்து முளைக்கக் கூடாது, முன்னோர் படத்தின் சட்டம் காதை வெட்டக் கூடாது. கறுத்த மேனியுள்ளவர் எண்ணெய் தடவிய தேக்குக் கதவின் முன் நின்றால் தலைமுடியும் கதவும் ஒன்றாகிவிடும். அவரைக் கதவிலிருந்து இரண்டடி முன்னால் கொண்டுவந்து, பக்கவாட்டு வெளிச்சம் கதவின் பளபளப்பில் பட்டுத் திரும்பும்படி கோணத்தை மாற்றினால் தலைக்குப் பின்னால் மெல்லிய சாம்பல் பிறக்கும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரின் முன்னால் என்றால் சிக்கல் எதிர்த்திசையில்: வேட்டியும் சுவரும் ஒன்றாகும். ஆளைச் சற்றுத் திருப்பினால் வேட்டி மடிப்புகளின் நிழல் எல்லையைக் காட்டிவிடும்.

முகம் பெரியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆர்னால்ட் நியூமன் 1946இல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தில், பெரும் பகுதியைப் பியானோவின் கறுத்த மூடிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. மனிதர் இடது கீழ்மூலையில் சிறியதாக இருக்கிறார். ஆனாலும் கண் அவரிடம்தான் போகிறது. மூடி ஒரே வடிவமாக, ஒரே அடர்த்தியாக இருப்பதே காரணம். செட்டிநாட்டில் பின்னணி அப்படி ஒன்றாக இருப்பதில்லை. தூண், கண்ணாடி, பூந்தரை, ஓவியம் என்று எல்லாமே பேசும். ஆகவே சட்டகத்துக்குள் பேச ஒன்றை மட்டும் அனுமதியுங்கள். தரையைக் காட்டினால் சுவர் வெறுமையாக இருக்கட்டும். தூண் வரிசையைக் காட்டினால் தரை நிழலுக்குள் போகட்டும்.

கைகளை வெட்டாதீர்கள். மணிக்கட்டிலோ கணுக்காலிலோ சட்டகம் முடிந்தால் கட்டு போட்டதுபோல் இருக்கும். முழுவதும் எடுங்கள், இல்லையேல் முன்கையின் நடுவில் நிறுத்துங்கள். ஆத்தங்குடிப் பட்டறையில் கைதான் பாதி முகம். அங்கே கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்தபின் உலர்ந்த கலவையும் ஈரக் கலவையும் போட்டு மட்டப்படுத்துவார்கள். ஊற்றும்போது அவர் குனிந்திருப்பார், நெற்றிதான் தெரியும். அச்சைத் தூக்கி, பலகையைச் சற்று உயர்த்திச் சரிபார்க்கும் கணத்தில் முகமும் கையும் கல்லும் ஏறக்குறைய ஒரே தொலைவில் வரும், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6இல் மூன்றும் கூர்மையாக விழும். அந்தக் கணம் ஒவ்வொரு கல்லுக்கும் திரும்பத் திரும்ப வருவதால் அவரை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையின் திறந்த பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைக்காமல் இடப்பக்கமோ வலப்பக்கமோ வைத்தால் கையின் நரம்பும் சிமெண்ட் பூச்சும் புடைத்துத் தெரியும்.

9. எக்ஸ்போஷர்

அப்பர்ச்சர் எஃப் 4இலிருந்து எஃப் 8க்குள். முழுவதும் திறந்து பின்னணியை மங்கலாக்கினால் இடம் காணாமல் போய்விடும்; பிறகு எதற்காகச் செட்டிநாட்டுக்கு வந்தீர்கள்? ஷட்டர் 1/125க்குக் குறையாமல், அதற்கு வேண்டிய ஐ.எஸ்.ஓ. 1600, 3200 ஆனாலும் தயங்காமல் வையுங்கள். கறுப்பு-வெள்ளையில் துகள்கள் உறுத்துவதில்லை.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டியும் சுவரும் நிறைந்த சட்டகத்தில் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கரியாகும். ஸ்பாட் மீட்டரை (சிறு புள்ளியை மட்டும் அளப்பது) முகத்தின் வெளிச்சமான பக்கத்தில் வைத்து அளவெடுங்கள். மாநிறத்துக்கு அந்த அளவை அப்படியே வைக்கலாம்; நன்கு கறுத்த மேனிக்கு முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்தால்தான் அது கறுப்பாகவே இருக்கும்; சிவந்த மேனிக்கு ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். பிறகு நெற்றியைப் பாருங்கள். விபூதிப் பட்டைதான் முதலில் எரிந்து விவரம் இழக்கும் இடம். அடுத்து வேட்டியின் வெயில் படும் முழங்கால். இரண்டும் கேமராவில் மின்னி எச்சரித்தால் அளவைக் குறைப்பதைவிட ஆளை வெயிலின் ஓரத்திலிருந்து இன்னும் ஒரு முழம் உள்ளே தள்ளி அமர்த்துவது நல்லது.

மூக்குக்கண்ணாடியில் முற்றம் பிரதிபலித்தால், கண்ணாடியின் காதுப்பிடியைக் காதுக்கு மேல் சற்று உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பிரதிபலிப்பு விலகும்.

10. ஆளோடு இருப்பது

கேமராவைப் பார்த்ததும் பெரியவர்கள் விறைப்பாக நிமிர்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றி, பழைய ஸ்டூடியோப் படத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்துகொள்வார்கள். அதைத் தடுக்காதீர்கள். அவர்கள் விரும்பும் படம் அது. முதலில் அதை எடுத்துக் காட்டுங்கள். சில வேளைகளில் அதுவே சிறந்த படமாகவும் அமைந்துவிடும். அதன்பின் வேலையைத் தொடரச் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். “சும்மா இயல்பா இருங்க” என்பது யாருக்கும் செய்யத் தெரியாத வேலை, “இந்தக் கொட்டானுக்கு ஓலையை எப்படி வகிர்வீங்க, ஆச்சி?” என்று கேட்டால் கை தானாக ஓடும். முக எண்ணெய்ப் பளபளப்பை முழுவதும் துடைக்கச் சொல்ல வேண்டாம். கறுத்த முகத்தின் எலும்பமைப்பைக் காட்டுவதே அந்தப் பளபளப்புதான்.

11. கணினியில்

ரா கோப்பைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றும்போது ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றுக்கான அளவுகோல்கள் தோலின் அடர்த்தியைத் தீர்மானிக்கும். அவற்றைக் கூட்டினால் முகம் வெளுக்கும், சுருக்கங்கள் மறையும், பார்ப்பவரும் “அழகாக இருக்கிறது” என்பார். செய்யாதீர்கள். மாநிறத்தவரை வெளிறிய சாம்பலாகக் காட்டுவது அவரை மாற்றிக் காட்டுவது. பச்சையையும் மஞ்சளையும் தேவைக்கேற்ப நகர்த்தித் தரையின் பூவைப் பிரிப்பதோடு நில்லுங்கள். பின்னணியின் பளிச்சிடும் புள்ளிகளை அடக்குங்கள்: பெல்ஜியம் கண்ணாடியின் ஓரம், பித்தளைக் குமிழ், கதவிடுக்கின் வெளிச்சம். நிழலை முழுவதும் தூக்கி எல்லாவற்றையும் காட்ட வேண்டியதில்லை.

வெளியிடும் முன் கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். ஆளில்லாத வீடுகளில் தூணையும் கதவையும் பழம்பொருளையும் குறிவைப்பவர்கள் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்ற படமும் அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் ஒன்றாக வெளியே போகக் கூடாது. படக்குறிப்பில் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். தெருவும் வீட்டு விலாசமும் வேண்டாம்.

12. அச்சிட்டுக் கொடுப்பது

சாதாரணக் கலர் லேபில் கறுப்பு-வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் பச்சையோ ஊதாவோ பாய்ந்து வரும் வாய்ப்பு அதிகம். முதலில் சிறிய அளவில் ஒன்று அச்சிடச் சொல்லி, அதைப் பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழல்விளக்கின் கீழ் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பருத்தித் தாளில் மை அச்சு அழகாக வரும், ஆனால் விலை பல மடங்கு. கண்காட்சிக்கு அதையும், வீட்டாருக்குக் கொடுக்க நல்ல லேப் அச்சையும் வைத்துக்கொண்டால் செலவு கைக்குள் நிற்கும். அச்சு திரையைவிட ஓரளவு இருண்டே வரும் என்பதால், அனுப்பும் கோப்பில் முகத்தைச் சற்று வெளிச்சமாக்கி அனுப்புங்கள்.

படத்தின் பின்புறம் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள், முடிந்தால் நேரில். அஞ்சலில் அனுப்புவதானால் பூட்டியிருக்கும் பெரிய வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல், கையெழுத்துப் போட்டு வாங்க ஆளிருக்கும் விலாசம் எது என்று கிளம்பும் முன்பே கேட்டு, ஒப்புதல் தாளின் உங்கள் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள்.